அம்மன் பாவாடையும் ஒரு புட்டிப் பசையும்

ஆடி பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே எங்கள் இல்லத்தில் தையல் பெட்டி திறந்துவிடும். சேலத்துக்காரர்களுக்கு ஆடியின் பெருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மனைத் தலைவியாகக் கொண்டு எட்டுப்பேட்டை மாரியம்மன்களுக்கும் பூச்சாட்டு நடைபெறும் அந்த நாள்களில், ஊரே வேப்பிலையும் மஞ்சளுமாக மணக்கும். எங்கள் தெருக்கோடியிலும் ஒரு சிறிய மாரியம்மன் சந்நிதி உண்டு. பெருங்கோயில் அன்று, தகரக் கூரை போட்ட முன்மண்டபமும், நான்கு பேர் நிற்கக்கூடிய அர்த்தமண்டபமும்தான். அந்த அம்மனுக்கு ஆடி மூன்றாம் வெள்ளியன்று சாத்துகின்ற பாவாடையை முப்பத்தொரு ஆண்டுகளாக என் மனைவியே கைப்படத் தைத்துக் கொடுத்து வருகிறாள். வங்கிப் பணியில் எனக்கு மாற்றல் வந்து நாங்கள் ஆத்தூரிலும் நாமக்கல்லிலும் இருந்த காலத்திலும்கூட, ஆனி மாதக் கடைசியில் ஒரு துணிப்பொதி சேலத்துக்குப் பேருந்தேறிவிடும்.

இந்த ஆண்டு பெட்டி திறந்தது, ஊசி எடுபடவில்லை. இரு ஆண்டுகளாகவே அவளுடைய விரல் கணுக்களில் வீக்கம். கண்ணிலே புரைக்கு அறுவை செய்து கொண்ட பின்பு தொலைவிலிருப்பது நன்றாகத் தெரிகிறது, ஊசிக்காது தெரியவில்லை. ஒரு முழம் ஜரிகைக் கரையைத் தைத்து முடிப்பதற்குள் மூன்று முறை கையை உதறிக் கொண்டாள். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு, "ஏங்க, இந்த வருசம் யாருகிட்டயாவது சொல்லித் தச்சுக்கலாமுங்களா?" என்றாள். அந்தக் கேள்வியை அவள் எவ்வளவு சாதாரணமாகக் கேட்க முயன்றாளோ, அவ்வளவுக்கு அது சாதாரணமாக இல்லை.

அப்போது விடுமுறைக்கு வந்திருந்த மகள்வயிற்றுப் பேத்தி, "அம்மாயி, எதுக்குத் தைக்கணும்? ஒட்டிரலாம்" என்று சொல்லித் தன் பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து வைத்தாள். துணிப் பசை. கல்லூரியில் கைவினை வகுப்புக்கு வாங்கியதாம்.

என் மனைவி புட்டியைத் தொடவில்லை. "சாமி துணிக்குப் பசையா? அது எதுல பண்ணினதோ?" என்றாள்.

இந்த வார்த்தையை இன்றைய பிள்ளைகள் பத்தாம்பசலித்தனம் என்று தள்ளிவிடுவார்கள். நான் தள்ளவில்லை. ஏனெனில் அந்த ஐயத்துக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. என் இளமையில் தச்சர்கள் மரத்தை இணைக்கப் பயன்படுத்தியது வச்சிரம். கட்டி கட்டியாகக் கடையில் கிடைக்கும். தண்ணீரில் ஊறவைத்து, மண்சட்டியில் காய்ச்சுவார்கள். அந்த நாற்றம் தெருமுனை வரை வரும். மாட்டுத் தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்து எடுத்த பசை அது. பூஜை மாடம் செய்ய வந்த ஆசாரியிடம் என் தகப்பனார், "வச்சிரம் வேண்டாம், மரஆணி அடித்துக் கொடுங்கள்" என்று சொல்லி அதற்காகக் கூடுதல் கூலி கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். 1959-ஆம் ஆண்டில் மும்பையில் பால்வந்த் பாரேக் ஃபெவிகால் என்னும் வெள்ளைப் பசையைக் கொண்டுவந்தபோது, காய்ச்ச வேண்டாம், நாற்றமில்லை என்பதனாலேயே தச்சர்கள் அதை ஏற்றார்கள் என்பர். பூஜை மாடம் வைத்திருந்த குடும்பங்களுக்கு அதனால் இன்னொரு நிம்மதியும் சேர்ந்து கிடைத்தது. அந்த வெள்ளைப் பசை முழுக்க இரசாயன முறையில் உண்டாக்கப்படுவது. அதில் தோலும் இல்லை, எலும்பும் இல்லை. இன்று கடைகளில் துணிக்கென்று விற்கும் பசைகளும் பெரும்பாலும் அத்தகையவையே. உலர்ந்த பின்னும் வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டவை. ஆயினும் ஐயமுள்ளவர்கள் புட்டியின் மேலுள்ளதைப் படித்துப் பார்த்து வாங்குவதே முறை. படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும் என்பது வேறு விஷயம்.

இதை நான் என் மனைவியிடம் விளக்கியபோது, "அது சரிங்க, ஆனா சாமி காரியத்துல ஒட்டுறதுங்கற வழக்கம் உண்டா?" என்று அடுத்த கேள்வியை வைத்தாள். கடன் விண்ணப்பத்தில் ஒரு குறையைத் தீர்த்தால் அடுத்ததைச் சுட்டிக்காட்டும் என் பழைய மேலாளரின் நினைவு வந்தது.

உண்டு என்று மட்டுமல்ல, அதுவே அடித்தளம் என்று சொல்ல வேண்டும். குடமுழுக்குக்கு அழைப்பிதழ் வரும்போது 'அஷ்டபந்தன மஹா கும்பாபிஷேகம்' என்று அச்சிட்டிருப்பதை எத்தனை முறை படித்திருப்போம்! அஷ்டபந்தனம் என்பது எண்வகைப் பொருளால் ஆன ஒட்டுமருந்து. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவற்றை இடித்து, இளக்கி, மீண்டும் இடித்துப் பதமாக்குவார்கள். ஆகமத்துக்கு ஆகமம், ஊருக்கு ஊர் இந்தப் பட்டியல் சிறிது மாறலாம். மூலவரின் திருமேனிக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள சந்தில் அதைத் திரிதிரியாக வைத்து அழுத்திச் சாத்துவார்கள். நாள்தோறும் பாலும் தயிரும் நீரும் வழிந்தாலும் பீடத்துக்குள் இறங்காமல் காப்பது அந்த மருந்துதான். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குடமுழுக்கு என்னும் நடைமுறையில் இந்த மருந்து தேய்ந்து வலுவிழப்பதற்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் கோட்டை மாரியம்மன் கோயிலில் நெடுங்காலம் நீடித்த திருப்பணி முடிந்து 2023-ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடந்தபோது, கூட்டத்தில் நசுங்கியபடி நானும் புனித நீருக்காகக் கையேந்தி நின்றவன்தான். கலசத்தைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கீழே கருவறையில், யார் கண்ணுக்கும் படாமல் ஒரு பசை தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருஹத் சம்ஹிதையில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. வஜ்ரலேபம் என்று அதற்குப் பெயர். பழுக்காத பனிச்சங்காய், விளாங்காய், இலவம்பூ, வசம்பு முதலியவற்றை நீரிலிட்டு எட்டில் ஒரு பங்காகக் காய்ச்சி, அதில் குங்கிலியம், குக்குலு, சேராங்கொட்டை, ஆளிவிதை, வில்வம் முதலியவற்றை அரைத்துச் சேர்க்கச் சொல்கிறார். கோயில், மாளிகை, சாளரம், இலிங்கம், திருவுருவம், சுவர், கிணறு ஆகிய எல்லாவற்றுக்கும் இதைச் சூடாகப் பூசலாம். கோடியாண்டு நிற்கும் என்பது அவர் வாக்கு. அந்தக் கணக்கை நான் தணிக்கை செய்ய முடியாது. அதே அத்தியாயத்தில் பசு, எருமை, ஆட்டுக் கொம்புகளும் எருமைத் தோலும் சேர்ந்த இன்னொரு வகையையும் அவர் சொல்லியிருக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆக, தாவரப் பசையும் தோற்பசையும் பழைய நூலில் அருகருகே இருக்கின்றன. எதை எங்கே வைப்பது என்பது அந்தந்த வீட்டின், அந்தந்தக் கோயிலின் வழக்கம்.

தைப்பதைக் குறித்து நாம் கொண்டிருக்கும் எண்ணமும் சற்று வேடிக்கையானது. ஊசி பட்டால் தூய்மை, பசை பட்டால் தீட்டு என்று என் மனைவி நினைத்தாள். ஆனால் வேள்வியில் அமர்பவர்கள் தைத்த சட்டையைக் கழற்றிவிட்டு, தையல் படாத வேட்டியுடன்தான் அமர்கிறார்கள். வைதிக மரபில் ஊசி பட்டதே சற்றுத் தள்ளி நிற்க வேண்டியது! அம்மனுக்குக் கொசுவம் வைத்துத் தைத்த பாவாடை என்பது அன்பினால் வந்த வழக்கம். குழந்தைக்குச் சட்டை தைத்துப் போட்டுப் பார்க்கின்ற ஆசையைப் போன்றது. இதைச் சொன்னவுடன் அவள் முகம் சற்றே தெளிந்தது. முழுவதும் தெளியவில்லை.

பசை என்றால் எங்கள் மாவட்டத்துக்கு அந்நியப் பொருளும் அன்று. சொல்லப்போனால் தமிழகத்தின் பசைக் களஞ்சியமே இந்தச் சேலம், நாமக்கல் சமவெளிதான். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியிலிருந்து எடுக்கும் மாவும் ஜவ்வரிசியும் இங்கிருந்துதான் நாடெங்கும் போகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனபோது, 1943-ஆம் ஆண்டளவில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்னும் வணிகரும், பினாங்கு அனுபவமுள்ள போபட்லால் ஷா என்பவரும் சேர்ந்து மரவள்ளிக் கிழங்கில் இதைச் செய்து பார்த்ததிலிருந்து இத்தொழில் தொடங்கியது என்பது இங்குள்ளோர் சொல்லும் வரலாறு. 1981-இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் பதிவாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலைகளுக்குக் கடன் கொடுக்கும் முன் இருப்பைச் சரிபார்க்க நான் பலமுறை சென்றிருக்கிறேன். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலாக்கி, தொட்டியில் தெளிய விடுவார்கள். அடியில் தங்குகின்ற வெண்மாவைத் துணித்தொட்டிலிலிட்டு ஆட்டினால் மணிமணியாகத் திரளும். தட்டில் வறுத்துக் களத்தில் காயப் போட்டிருக்கும்போது ஆத்தூர்ச் சாலையில் வெயிலே தரையில் இறங்கிப் படுத்தாற்போலிருக்கும். அந்த மாவை நீரில் கரைத்துச் சூடேற்றினால், ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் மாவுத் துகள்கள் நீரைக் குடித்து ஊதி, வெடித்து, கண்ணாடி போலத் தெளிந்த பசையாகும். மணமும் நிறமும் இல்லாத பசை. துணி ஆலைகளும் அட்டைப்பெட்டி ஆலைகளும் இதை விரும்புவது அதனால்தான்.

அதே மாவை நீர் சேர்க்காமல் வறுத்தால் வேறொரு குணம் வரும். பிறகு பச்சைத் தண்ணீரிலேயே கரைந்து ஒட்டும். 1821-இல் டப்ளினில் ஒரு துணி ஆலை தீப்பிடித்து, மாவு கருகி, அணைக்க ஊற்றிய தண்ணீரில் அது பசையாகிவிட்டதைத் தொழிலாளர்கள் கண்டுகொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கடித உறையின் ஓரத்திலும் அஞ்சல்தலையின் முதுகிலும் தடவியது அந்த வகைப் பசைதான். நான் எழுத்தராகச் சேர்ந்த காலத்தில் ஒரு நாளைக்கு நூறு உறையாவது ஒட்டியிருப்பேன். பணப்பைக்கு அரக்கு முத்திரை வைப்பதும் என் வேலை. மெழுகுவத்தியில் அரக்கை உருக்கித் துணிப்பையின் முடிச்சில் சொட்டுவோம். அஷ்டபந்தனத்தில் முதலில் நிற்கும் கொம்பரக்கும் அதுவும் ஒரே வகை அரக்குதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நெசவுக்காரர் வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் அம்மாப்பேட்டை அன்பர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இரு பக்கமும் நின்று தூரிகையால் நீவி விடுவார்கள். அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் பருத்தி இழை தறியில் உராய்ந்து மயிர் எழும்பி அறுந்துவிடும். நாம் உடுத்தும் ஒவ்வொரு கைத்தறித் துணியும் நெய்யப்படுவதற்கு முன்பே ஒரு முறை பசை குடித்ததுதான். கடையில் வாங்கிய புதுத்துணியை நனைத்துப் பிழியும்போது வரும் வெள்ளை நீர் அதுவே. இது ஒரு நடைமுறைச் செய்தியும்கூட: புதுத்துணியில் கஞ்சி இருக்கும்போது துணிப்பசை இழைக்குள் இறங்காது, மேலேயே நிற்கும். ஆகவே முதலில் துணியை அலசி உலர்த்திய பின்புதான் ஒட்ட வேண்டும்.

வீட்டிலேயே காய்ச்சிய மாவுப்பசையால் அம்மன் பாவாடைக்கு ஒட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஊர்ப் பொருள், தாவரப் பொருள், ஐயமற்ற பொருள். பேத்தி சிரித்தாள்: "அப்புச்சி, ஒரு சொட்டுத் தண்ணி பட்டா விட்டுரும்." உண்மைதான். போதாததற்குக் கரப்பானும் செல்லுப்பூச்சியும் அதைத் தேடி வரும். புத்தகம் கட்டுபவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது அதற்காகவே. ஆனால் அது நஞ்சு, கோயில் துணிக்கு ஆகாது. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்துக் காய்ச்சும் பசை இன்னும் உறுதியானது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் துணியை ஒட்ட அதைப் பயன்படுத்துவதுண்டு. அதுவும் நீருக்குத் தாங்காது. அபிஷேகம் நடக்கும் இடத்தில் இவையெல்லாம் சட்டமிட்டு மாட்டும் படங்களுக்குத்தான் பொருந்தும்.

இனி நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே அம்மனின் உற்சவக் குடைக்கு நாங்கள் குஞ்சக்கரை ஒட்டியிருந்தோம். எந்தக் கடையில் எந்தப் பசை வாங்கினோம் என்பது இங்கே தேவையில்லை. குறை பசையில் இல்லை. ஒருநாள் முழுதும் உலர விட வேண்டும் என்று புட்டியில் எழுதியிருந்தது. நாங்கள் கொடுத்தது மூன்று மணி நேரம். அன்று மாலை புறப்பாட்டின்போது தூறல் விழுந்தது. கரை ஒரு பக்கமாகக் கழன்று, குடை பிடித்திருந்த பையனின் முகத்தில் தொங்கியது. அவன் ஒரு கையால் அதை ஒதுக்கிக்கொண்டே நான்கு தெருவும் சுற்றி வந்தான். என் மனைவி அன்றிரவு சாப்பிடவில்லை.

அந்த நினைவு இருந்ததால் இம்முறை நான் முதலில் பூசாரியிடம் போனேன். வழக்கத்துக்கு ஒவ்வுமா என்று கேட்டேன். அவர் சாஸ்திரம் பேசவில்லை. "மேனேஜருங்க, ஒட்டுனதா தச்சதான்னு நான் பார்க்கறதில்லைங்க. வெளக்கு எவ்வளவு கிட்ட வருதுன்னுதானுங்க பார்க்கறேன். போன வருசம் வேறொருத்தரு குடுத்த பாவாடையில பூ ஒட்டியிருந்தாங்க. சரவெளக்குச் சூட்டுல பசை எளகி அம்மன் கைமேல அப்பிக்கிச்சு. அதை எடுக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன பூ, துப்பாக்கி போன்ற கருவியில் குச்சியை உருக்கி ஒட்டும் சூட்டுப்பசையால் ஒட்டியதாக இருக்க வேண்டும். அது வேகமாகப் பிடிக்கும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கொதிநீரின் சூட்டை எட்டுமுன்பே இளகத் தொடங்கிவிடும். தோரணத்துக்கு, கொலுப்படி அலங்காரத்துக்கு, விளக்குக்கு எட்டிய தூரத்தில் வைத்தால் சரி. கருவறைக்குள் வேண்டாம். நெடி அடிக்கும் கரைப்பான் கலந்த பசைகள் உலரும் வரை எளிதில் தீப்பிடிக்கக்கூடியவை. அவற்றைப் பூஜையறையில் உட்கார்ந்து திறக்கவே கூடாது. இன்னொன்று, பலரும் அறியாதது: ஒரு சொட்டு விட்டால் நொடியில் ஒட்டும் சொட்டுப்பசை இருக்கிறதல்லவா, அதைப் பருத்தித் துணியிலோ பஞ்சிலோ விட்டால் சட்டென்று சூடேறும். மடியில் துணியை வைத்துக்கொண்டு அதை விட்டால் தோல் பொத்துப்போகும். நம் வயதில் தோல் காகிதம் போன்றது. துணிக்கு அந்தப் பசையே வேண்டாம்.

எஞ்சுவது, துணிக்கென்று விற்கும் நீரில் கலந்த பசை. பேத்தி கொண்டுவந்ததும் அதுதான். அவளே ஆசிரியையாக அமர்ந்தாள், அம்மாயி மாணவி. முதலில் கழிவுத்துணியில் ஒரு விரற்கடை ஒட்டிப் பார்த்தார்கள். நாங்கள் எடுத்திருந்தது சிவப்புப் பருத்தி; அதனால் பிழைத்தோம். பட்டாயிருந்தால் பசை மறுபுறம் ஊறி எண்ணெய்க்கறை போல நின்றுவிடும். எங்கள் ஊர் வெண்பட்டானாலும் காஞ்சிப் பட்டானாலும் பட்டுக்கு ஊசிதான். அசல் ஜரிகைக்கும் அப்படியே.

பசையைக் குறைவாகத் தடவ வேண்டும் என்பது பேத்தி அடிக்கடி சொன்ன மந்திரம். நெய்யைப் போல ஊற்றினால் கரை விறைத்துக்கொண்டு கொசுவம் விழாது. ஓரத்திலிருந்து ஒரு நூலிழை தள்ளி, மெல்லிய கோடாக இழுத்து, கரையை வைத்து விரலால் நீவ வேண்டும். துணிக்கடியில் ஒரு பாலித்தீன் தாள். இல்லாவிட்டால் பாவாடை மேசையோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே பிதுங்கினால் காயுமுன் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், காய்ந்தபின் ஒன்றும் செய்வதற்கில்லை. மேலே கனத்துக்கு என்னுடைய பழைய வங்கிக் கையேடுகளை அடுக்கினோம். பணி ஓய்வுக்குப் பின் அவற்றுக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஒரு பகல், ஓர் இரவு அப்படியே. இரண்டு மூன்று நாள் கழித்தே தண்ணீர் காட்டலாம். கசக்காமல் அலச வேண்டும். உலர்சலவைக்குக் கொடுத்தால் அங்குள்ள திரவம் பசையைக் கரைத்துவிடக்கூடும்.

கண்ணாடிச் சில்லும் கல்லும் வைப்பதற்கு, இரவிக்கைகளில் ஆரி வேலை செய்யும் பெண்களின் முறையைப் பேத்தி காட்டினாள். ஒரு துளிப் பசையில் கல்லை உட்கார வைத்துவிட்டு, சுற்றிலும் நூலால் வேலி கட்டுவது. பசை பிடித்துக்கொள்ளும், நூல் காக்கும். பல ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் தேருக்குத் தொம்பை தைக்கும் பட்டறை ஒன்றில் நான் கண்டதும் இதுதான். சிங்கமுகமும் யாளியும் வண்ணத்துணியில் வெட்டி, பசை தொட்டு நகராமல் நிறுத்திவிட்டு, அதன் மேல் விளிம்போடு தைத்துக்கொண்டு போனார்கள். தேர் அசையும்போது காற்றில் அடிபடுவது தொம்பை. வெறும் பசை அதற்கு ஆற்றாது. திருச்செங்கோட்டு வைகாசித் தேரிலோ நாமக்கல் பங்குனித் தேரிலோ வடம் பிடித்தவர்கள் அடுத்த முறை அண்ணாந்து அந்தத் துணிகளின் விளிம்பைப் பாருங்கள். பூரி ஜகந்நாதருக்குப் பிப்பிலி ஊரார் செய்யும் விதானத்திலும் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் இதே கலைதான். எங்கள் குகை வண்டி வேடிக்கையில் தெய்வ வேடம் புனைந்து வருகிறவர்களின் கிரீடத்துக்கும் மார்ப்பதக்கத்துக்கும் ஆகும் பசை எவ்வளவு என்று யாராவது கணக்கெடுத்தால் நான் ஆர்வத்துடன் படிப்பேன். ஓர் இரவுக் கோலம் அது. அங்கே பசை போதும்.

இரண்டு நாளில் பாவாடை ஆயிற்று. மேற்கரை, கீழ்க்கரை, நடுவே வேப்பிலைக் கொத்து. கல் மட்டும் வைக்கவில்லை. விளக்கொளியில் மினுங்குவதற்கு ஜிகினா போதுமென்று விட்டுவிட்டாள். பூசாரி வாங்கித் தடவிப் பார்த்து, சூடாக்கிய தாம்பாளத்தின் மேல் ஓரத்தைச் சற்று நேரம் வைத்துச் சோதித்துவிட்டு, "நிக்குதுங்க" என்றார்.

ஆனால் கொடுக்குமுன் வீட்டில் ஒன்று நடந்தது. இடுப்புப் பட்டியில் நாடா கோக்கும் இடத்தை ஒட்டக்கூடாது, இழுபடும் இடம் என்று பேத்தியே சொன்னாள். நான்கு விரற்கடைத் தையல். என் மனைவி ஊசியை எடுத்தாள். நூல் கோக்க முடியவில்லை. மற்றத் தையலுக்கென்றால் நூல்முனையை நாவில் நனைத்து முறுக்குவாள்; அம்மன் துணிக்கு எச்சில் படக்கூடாதென்று முப்பத்தொரு ஆண்டும் தேன்மெழுகில் இழுத்துக் கோத்தவள். மெழுகும் இம்முறை உதவவில்லை. முனை பிரிந்து பிரிந்து போயிற்று.

நான் அந்தப் புட்டியை வாங்கி, நூல்முனையில் ஒரு பொட்டுப் பசை தொட்டு, இரு விரலால் உருட்டி, காய்ந்ததும் கத்தரியால் சாய்வாக வெட்டினேன். முனை கம்பி போல நின்றது. முதல் முயற்சியிலேயே காதுக்குள் போயிற்று. ஊசியை அவளிடம் கொடுத்தேன். நான்கு விரற்கடையைத் தைக்க அவளுக்கு அரைமணி ஆயிற்று. நாங்கள் யாரும் கை கொடுக்கவில்லை. முடித்துவிட்டு நூலை அறுத்தவள், இன்னும் ஆறு ஊசிக்கு அதேபோல் முனை செய்து, கோத்து, பெட்டியில் குத்தி வைக்கச் சொன்னாள். தைப்பொங்கலுக்குள் பிள்ளையாருக்கு ஒரு சிறு துண்டாவது தைக்க வேண்டுமாம்.